பறக்கும் பிராணியும் உன் அப்பாவின் பிரேக்கும்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலமாக இருக்கிறோம், நீ அனுப்பிவைத்த பறக்கும் பிராணி மட்டும் ஒரு காலும் இரண்டு இறக்கைகளும் ஒடிந்து அலமாரி மேல் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறது. நீயும் நலம் என்று நீ சொல்வதை நம்பத்தான் ஆசை. ஆனால் போன வாரம் வீடியோவில் உனக்குப் பின்னால் தெரிந்த மேஜையில் அத்தனை காபிக் கோப்பைகளைப் பார்த்த பிறகு, ஒன்று நீ கோப்பை வியாபாரம் ஆரம்பித்திருக்க வேண்டும், அல்லது சாப்பாட்டுக்குப் பதில் காபி என்று முடிவு செய்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எது என்று தெரியப்படுத்தவும். இதையெல்லாம் போனில் கேட்கக்கூடாதா என்பாய். போன் வந்ததும் உன் அப்பா அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நீ என்னைக் கேட்கிற கேள்விக்கும் அவரே பதில் சொல்லி, என் சார்பிலும் சேர்த்து விடைபெற்று வைத்துவிடுகிறார். அதனால் சொல்ல வேண்டியதைச் சொல்வதற்குக் காகிதம்தான் கதி. சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பயந்துவிடாதே, கடைசிவரை படி, நடுவில் நிறுத்திவிட்டு டிக்கெட் பார்க்க ஆரம்பிக்காதே.

முதலில் உன் பரிசுக்கு நன்றி சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். அம்பது நெருங்குதும்மா, மூளைக்கு வேலை குடுக்கணும், புதுசா ஏதாவது கத்துக்கோ என்று சொல்லி அனுப்பினாய். நான் பகல் முழுவதும் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து ஊரார் குடிக்கிற தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு மூளை தேவையில்லை என்று உனக்கு யார் சொன்னார்களோ, ஒருவேளை என் மேலதிகாரியோடு தொடர்பில் இருக்கிறாயோ என்னவோ. போகட்டும், பெட்டி வந்தது. மேலே 'அம்மாவுக்கு' என்று நீ கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததை உன் அப்பா பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். நன்றாகவே பார்த்தார், அம்மாவுக்குன்னா வீட்டுக்குன்னுதானே அர்த்தம் என்று சொல்லிக்கொண்டே பிரித்தார். உள்ளே நாலு கைகளை நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு சின்ன விசிறியோடு, தட்டையாக ஒரு பூச்சி, டிரோன் என்று பெட்டியில் எழுதியிருந்தது. கூடவே இரண்டு குச்சிகள் துருத்திக்கொண்டிருக்கும் ரிமோட். நான் கையேட்டை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். அதெல்லாம் ஓட்டத் தெரியாதவங்களுக்கும்மா என்றார். கால் நூற்றாண்டாக ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர், நகர்கிற எந்தப் பொருளும் தன் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று நினைப்பவர், குழந்தையாக இருந்த உன்னைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளும்போதுகூடத் திருப்பத்தில் கையைக் காட்டியவர். அவரிடம் கையேட்டை நீட்டுவது என் அறியாமை.

கூடத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திடலாமே என்றேன். காத்துல ஓட்டிப் பழகினாத்தான் ஓட்டம் என்றார். சரி, நான் தட்டோடு ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். இடது குச்சியை மேலே தள்ளினால் ஏறும், இறக்கினால் இறங்கும், இது கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. எவ்வளவு மெதுவாகத் தள்ள வேண்டும் என்பது இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. உன் அப்பா முதல் பக்கம் வரைக்கும் தானாகவே கண்டுபிடித்துவிட்டார். பிராணி தரையிலிருந்து துள்ளியது, நேராகக் கூரையில் போய் முட்டியது, முட்டிய வேகத்தில் சரிந்து மின்விசிறிக்குள் நுழைந்தது. அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இறக்கைத் துண்டு ஒன்று என் தட்டில் வந்து விழுந்தது, மிச்சமிருந்த உடல் சோபாவுக்கு அடியில் கிடந்து முனகியது. உன் அப்பா ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆக்ஸிலரேட்டர ரொம்ப டைட்டா வெச்சிருக்கான், இது கம்பெனி தப்பு என்று தீர்ப்பு சொன்னார். நான் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன்.

நீ உபரியாக அனுப்பியிருந்த இறக்கைகளை மாட்டி, மறுநாள் பால்கனியில். மாடி வீட்டு வக்கீலம்மாவின் துணிக்கொடி நம் பால்கனிக்குக் குறுக்காகப் போகிறது என்பது உனக்கு நினைவிருக்கும், இப்போது பிராணிக்கும் நன்றாக நினைவிருக்கும். அந்த அம்மா அதைத் தன் நைட்டியோடு சேர்த்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு கீழே வந்தார். சார், இது உங்க வீட்டுக் குழந்தையா என்று கேட்டார். காத்து தள்ளிடுச்சும்மா என்றார் இவர். காத்து என் துணிய மட்டும் தேடிக்கிட்டு வருதா சார், இன்னொரு தடவை வந்தா திருப்பித் தர மாட்டேன், சாட்சிப் பொருளா எடுத்து உள்ள வெச்சிடுவேன், அப்புறம் நீங்க வாய்தா வாய்தாவா வந்து பாத்துட்டுப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அந்த அம்மாவை ரொம்ப நாளாகப் பிடிக்கும். உன் அப்பா, ஒரு நைட்டிக்கு இவ்வளவு வாதமா என்று முணுமுணுத்தார், ஆனால் அன்றோடு பால்கனி விமான நிலையம் மூடப்பட்டது.

அப்புறம்தான் டிரைவிங் ஸ்கூல் மைதானம். முதலாளியை உனக்குத் தெரியுமே, பக்கத்தில் நின்றாலும் எதிர்த்தெருவில் இருப்பவரோடு பேசுகிற மாதிரிப் பேசுவார், ஊரே ஹாரன் என்று கூப்பிடும். அண்ணே, கார் ஓட்டுறவனுக்கே இங்க எடம் பத்தல, உனக்கு இப்ப ஆகாயமும் வேணுமா என்று கத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு இல்லாததால் சாவியைக் கொடுத்தார். மைதானம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதே, ஒரு பழைய கிடங்குக்குப் பின்னால் சிமெண்டுத் தரை, அதில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு பெரிய எட்டு, ஆரஞ்சு நிறக் கூம்புகள், நடுவில் எதற்கென்றே தெரியாமல் ஒரு விளக்குக் கம்பம். இங்கே உன் அப்பா ஒரு முடிவு எடுத்தார். இவ்வளவு நாளும் பிராணி சரியாகப் பறக்காததற்குக் காரணம் தான் ஓட்டுநராக இருந்ததுதான், தன் இடம் எப்போதும் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை, ஆகவே நான் ஓட்ட வேண்டும், அவர் கற்றுக்கொடுப்பார். உங்களுக்கும் ஓட்டத் தெரியாதே என்று கேட்டேன். ஓட்டத் தெரியறது வேற, சொல்லிக்குடுக்கறது வேற என்றார். இந்த வாக்கியத்தை நான் படித்த பல்கலைக்கழகத்தில் சில பேராசிரியர்கள் வாய்விட்டுச் சொல்லாமல் கடைப்பிடித்தார்கள், இவர் வாய்விட்டே சொல்லிவிட்டார், அந்த அளவுக்கு நேர்மையான மனிதர்.

ஆக நான் மாணவியானேன். ரிமோட்டின் பின்னால் பழகுபவர் வண்டியில் ஒட்டுகிற மாதிரி, சிவப்பு எழுத்தில் ஒரு குட்டி 'எல்' ஒட்டப்பட்டது. கிளப்புறதுக்கு முன்னாடி கண்ணாடி பாரு என்றார். என்னிடம் கண்ணாடி இல்லை, திரும்பிப் பார்த்தேன், ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. பின்னாடி கிளியரா என்றார். நாய் இருக்குங்க என்றேன். நாய் போகட்டும், வெயிட் பண்ணு என்றார். நாய்க்கு அவசரமில்லை, அதனால் நாங்களும் காத்திருந்தோம். பிறகு மெதுவாகத் தூக்கினேன், இரண்டாம் பக்கத்தில் சொல்லியிருந்தபடி. முழங்கால் உயரத்துக்கு வந்தது, வந்தது என்று நான் நினைப்பதற்குள் இடது பக்கம் நழுவியது, அதைப் பிடிக்க வலது பக்கம் தள்ளினேன், அளவுக்கு மேல் போனது, மறுபடி இழுத்தேன். ஒரே இடத்தில் நிற்க வைப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம் என்று அன்று தெரிந்துகொண்டேன். பறப்பது சுலபம், நிற்பதுதான் வேலை. பக்கத்தில் உன் அப்பா, பிரேக், பிரேக் என்று கத்திக்கொண்டு வலது காலால் தரையை ஓங்கி ஓங்கி மிதித்தார். ஸ்கூல் காரில் அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டே, அந்தக் கால் எங்கே போனாலும் அதைத் தேடும். இங்கே அது கண்டுபிடித்தது நீ உபரியாக அனுப்பியிருந்த இறக்கைப் பெட்டியை. நொறுங்கிய சத்தம் கேட்டதும் இருவரும் குனிந்து பார்த்தோம், அதற்குள் பிராணி கூம்பில் போய் உட்கார்ந்துவிட்டது. பாத்தியா, பிரேக் புடிச்சதும் நின்னுடுச்சு என்றார்.

இன்னொன்று, அது என்னைப் பார்த்துத் திரும்பி வரும்போது எனக்கு இடது வலது மாறிவிடுகிறது. நான் இடது பக்கம் தள்ளினால் அது தன் இடது பக்கம் போகிறது, அது எனக்கு வலது. முதல் இரண்டு ஞாயிறும் விலக்கப்போய் நேராக என் மேலேயே ஏவிக்கொண்டேன். இவளுக்கு இடது வலது தெரியாதுங்கறது கல்யாணமான புதுசுலயே தெரியும், பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொன்னா சுடுகாட்டுக்குப் போயிடுவா என்று ஹாரனிடம் சொல்லிச் சிரித்தார். ஹாரன் சிரித்தது கிடங்கு வரைக்கும் எதிரொலித்தது. எதிரே வரும்போது, அது சாய்கிற பக்கமாகவே குச்சியைத் தள்ளினால் நிமிர்ந்துவிடும் என்று நானாகவே கண்டுபிடித்தேன். அதை ஆய்வுக்கூடத்து இடைவேளைகளில் இரண்டு பேனாக்களைக் குச்சியாக வைத்துக்கொண்டு பழகினேன். பக்கத்து மேஜைப் பெண், மேடம் கனவுல கார் ஓட்டறீங்களா என்று கேட்டாள். உன்னிடம் ஒப்புக்கொள்ள எனக்கு விருப்பமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது என் கண் உயரத்தில், பத்தடி தூரத்தில், காற்றில் ஆணி அடித்து மாட்டினதுபோல் அப்படியே நின்றது. என் விரல்கள் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன, அது அசையவே இல்லை. பேட்டரி தீரும்வரை நின்றது. உன் அப்பாகூட வாயை மூடிக்கொண்டிருந்தார். வேலைக்குப் போனதிலிருந்து எனக்கு யாரும் பாராட்டுப் பத்திரம் கொடுத்ததில்லை, அன்று கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அதற்குப் பிறகு எட்டுப் போட ஆரம்பித்தேன், கூம்புகளைச் சுற்றி. மாணவி எட்டுப் போட்டதும் ஆசிரியருக்குப் பொறுக்குமா, குடு இங்க என்று ரிமோட்டை வாங்கிக்கொண்டார். அந்த 'எல்' எழுத்தை மட்டும் நாசூக்காகப் பிய்த்து என் தோளில் ஒட்டிவிட்டார். இங்கேதான் விஷயத்துக்கு வருகிறேன். அவர் குச்சிகளை இப்போது நன்றாகவே அசைக்கிறார், ஏற்றமும் இறக்கமும் சீராக இருக்கிறது, என்னைவிட மென்மையான கை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்த விளக்குக் கம்பம் இருக்கிறதே, அதில் தவறாமல் கொண்டுபோய் மோதினார். கம்பத்துக்குப் பின்னாடிதானே போகுது என்பார், டங் என்று சத்தம் கேட்கும். காத்து என்பார், காற்றே இல்லாத நாளில் பேட்டரி என்பார், பேட்டரி புதிதாக இருந்தால் வெயில் என்பார். நான் பிழைகளோடு வாழ்கிறவள், அதுதான் என் தொழில். புதிதாகக் கற்பவனின் பிழை அங்கும் இங்குமாகச் சிதறும், நாள் ஆக ஆகக் குறையும், என்னுடையது அப்படித்தான் குறைந்தது. இவருடையது சிதறவில்லை. எப்போதும் ஒரே பக்கமாக, ஒரே அளவாக, பழகப் பழகக் குறையாமல் இருந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அப்படி ஒரு அளவு வந்தால் நாங்கள் ஆளைத் திட்டமாட்டோம், கருவியைக் கழற்றிப் பார்ப்போம். இங்கே கருவி எது என்று யோசித்தபோது என் சந்தேகம் ரிமோட்டின்மேல் போகவில்லை, அதைப் பிடித்திருந்தவர் கண்ணின்மேல் போனது.

ஏனென்றால் போன மாதம் ஸ்கூல் காரின் பக்கக் கண்ணாடி ஒரு லாரியில் இடித்துத் தெறித்துப் போனது. நீ போன் செய்தபோதுகூட அதைப் பற்றிச் சிரித்துச் சிரித்துச் சொன்னாரே, அவரிடம் கற்றுக்கொள்ளும் பாலர் பள்ளி டீச்சர் லாரியை உரசிவிட்டாள் என்று. உரசியது அவர் உட்காரும் பக்கத்துக் கண்ணாடி. அந்தப் பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் அவர். எடம் இருக்கு போ போ என்று அவர்தான் சொல்லியிருக்க வேண்டும். டீயை ஊற்றும்போது கோப்பையின் விளிம்பில் ஊற்றி மேஜையைத் திட்டுவது, சுவிட்சைத் தடவிப் போடுவது, இவற்றையெல்லாம் நான் வயதின் கணக்கில் எழுதி வைத்திருந்தேன். ஒரு ஞாயிறு அவர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தபோது, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நானே ஓட்டிப் பார்த்தேன். கம்பத்துக்குப் பின்னால் போகிறது என்று சத்தியம் செய்திருப்பேன். டங். இப்போது அலமாரி மேல் இருக்கும் ஒடிந்த காலுக்கும் இறக்கைகளுக்கும் பொறுப்பு நான்தான், உன் அப்பாவைக் குறை சொல்லாதே.

அவர் திரும்பி வந்து உடைந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார், பாத்தியா உனக்கும் காத்து என்றார். காத்து இல்லைங்க, ஒரு கண்ண மூடிட்டு ஓட்டினேன் என்றேன். அவர் சிரிப்பு அப்படியே நின்றது. கூம்பு ஒன்றை எடுத்து நேராக இருந்த இடத்திலேயே மறுபடி நேராக வைத்தார். உனக்கு எப்பலருந்து தெரியும் என்று கேட்டார். இப்பத்தான், உங்களுக்கு என்று கேட்டேன். இடது கண்ல புகை படிஞ்ச மாதிரி இருக்கு, துடைச்சா போயிடும்னு நெனச்சேன், மழைக்காலத்துலருந்து துடைச்சிட்டே இருக்கேன் என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, போனால் லைசென்ஸ் போய்விடும் என்ற பயம். ஹாரனுக்குத் தெரிஞ்சா நாளைக்கே வேற ஆளப் போட்டுடுவான், அப்புறம் நான் என்ன பண்றது, வீட்ல உக்காந்து உனக்கு ஃபிரிட்ஜ் கதவ எப்படிச் சாத்தறதுன்னு சொல்லிக்குடுக்கவா என்றார். அதை ஏற்கனவே செய்கிறீர்களே என்று வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். நான் கேட்டது ஒன்றுதான். நாளைக்கு அந்த டீச்சர முதல் தடவையா நெடுஞ்சாலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்களே, போகப்போறீங்களா என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. என் வேலைய எனக்கே சொல்லித் தர்றியா, ஒரு பொம்மைய நாலு நாள் ஓட்டிட்டா எல்லாம் தெரிஞ்சிடுமா என்று சத்தம் போட்டார். நீங்க சொல்றீங்களா, நான் ஹாரன்கிட்ட சொல்லட்டுமா என்றேன். நீ சொல்லிடுவியா என்றார். சொல்லுவேங்க என்றேன். அதற்கப்புறம் வீடு வரைக்கும் பேச்சில்லை, சாப்பிடும்போதும் பேச்சில்லை, தட்டு மட்டும் கொஞ்சம் பேசியது.

காலையில் குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, வழக்கம்போல ஸ்கூல் பெயர் போட்ட தொப்பியை வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் வாசலில் நின்று என்னங்க என்றேன், அவர் ஏதோ காதில் விழாதவர்போலப் படியிறங்கினார். ஹாரனுக்குப் போன் செய்வதா, அந்த டீச்சரை எங்கே தேடுவது என்று யோசித்துக்கொண்டே பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போனேன். போனை எடுத்து எண்ணை அழுத்தி, அழுத்தி, வைத்துவிட்டேன். அவரே சொல்ல வேண்டும் என்று ஒரு பக்கம், ஒரு பெண்ணின் உயிரை வைத்து அவருடைய மானத்தைச் சோதிக்க எனக்கு என்ன உரிமை என்று இன்னொரு பக்கம். கையில் இருந்த மாதிரித் தண்ணீரை எந்தக் குழாயில் ஊற்றினேன் என்பதே மறந்துபோய் அதைக் கொட்டிவிட்டு மறுபடி எடுத்தேன். நான் படித்த படிப்பு அந்த நேரத்துக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. கடைசியில் ஹாரனை அழைத்தே விட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. ஊரே கேட்கும்படி பேசுகிற மனிதர் அன்று பார்த்துப் போனை எங்கோ வைத்துவிட்டார். பையை எடுத்துக்கொண்டு நானே கிளம்பலாம் என்று எழுந்தபோது உன் அப்பாவின் போன் வந்தது. மத்தியானம் லீவு போட முடியுமா என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஏங்க என்றேன். கண் ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போகப் பிடிக்கல என்றார்.

நடந்தது என்னவென்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். நெடுஞ்சாலைக்குப் போகத்தான் போனாராம். டீச்சர் வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுவிட்டாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் புதிதாக மாட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்தாராம். ஒரு நிமிஷம் எறங்கும்மா என்று அவளை இறக்கிவிட்டு, தானே ஓட்டுநர் இருக்கைக்கு மாறி, கூம்புகளுக்கு நடுவே பின்னால் எடுத்து நிறுத்திப் பார்த்திருக்கிறார். ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்த வேலை, தூக்கத்தில்கூடச் செய்வார். முதல் கூம்பு விழுந்தது. இறங்கி எடுத்து வைத்துவிட்டு மறுபடி. அதே கூம்பு. மறுபடி. சார், நீங்களே இடிக்கிறீங்களே, அப்ப நான் பாஸாயிடுவேன் என்று டீச்சர் கைதட்டிச் சிரித்தாளாம். இவரும் சிரித்திருக்கிறார். பிறகு நேராக அலுவலக அறைக்குப் போய் ஹாரனிடம் கார் சாவியைக் கொடுத்துவிட்டுக் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் அழைத்தபோது ஹாரன் போனை எடுக்காததற்கு அதுதான் காரணம். ஹாரன் முதல் முறையாகக் குரலைத் தாழ்த்தி, என்ன அண்ணே இது என்று மட்டும் கேட்டாராம். அவனுக்கு மெதுவாப் பேசவும் தெரியும்மா, இத்தனை வருஷமா நம்மகிட்ட மறைச்சிட்டான் என்றார் உன் அப்பா. இதைச் சொல்லும்போது அவர் சிரித்ததை நான் நம்பவில்லை, ஆனாலும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

டாக்டர் உன் வயதுப் பெண். இடது கண்ணில் புரை, முற்றிப்போயிருக்கிறது, வலது கண்ணிலும் ஆரம்பம். சார் வண்டி ஓட்டுறீங்களா என்று கேட்டாள். இவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஓட்டறதில்லம்மா, சொல்லிக்குடுக்கறேன் என்றார். அது இன்னும் மோசம் என்றாள் அவள், தலையைக்கூட நிமிர்த்தாமல். எனக்கு இந்தப் பெண்ணையும் பிடித்துவிட்டது. அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை இடது கண்ணுக்கு ஆபரேஷன், அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். புரை போனால் பார்வை தெளிந்துவிடும் என்றாள், ஆனால் மறுபடி கற்றுக்கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, ஆறினதும் பரிசோதிச்சுத்தான் சொல்ல முடியும், முன்கூட்டியே வாக்குக் குடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். அதுவரை ஸ்கூலில் அவருக்குச் சாலை விதிகள் பாடம். அறையில் உட்கார்ந்து பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்ட வேண்டும். ஒருத்தனும் கவனிக்கறதில்ல, எல்லாம் போனத் தடவிட்டு உக்காந்திருக்கான் என்று வந்து புலம்புகிறார். உங்களுக்கும் இப்பத்தான் ஆசிரியர் தொழில் என்னன்னு தெரியுது என்றேன். டீச்சரை வேறொருவர் நெடுஞ்சாலைக்குக் கூட்டிப்போனார், பத்திரமாகத் திரும்பி வந்தாள், வந்ததும் இவருக்குத்தான் போன் செய்து சொன்னாள். அவர் ஸ்பீக்கரில் போடாமல் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை, அதனால் மீறவும் இல்லை. அவர் பயப்படுவது உன் பயத்துக்குத்தான். அதனால் அழுதுகொண்டு போன் செய்யாதே, இணையத்தில் கண் ஆபரேஷன் பற்றிப் படித்துவிட்டு வந்து எங்களுக்குப் பாடம் நடத்தாதே, லீவு கேட்டு உன் மேலதிகாரி காலில் விழாதே. அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி கூப்பிட்டு, டிரோனை யார் நன்றாக ஓட்டுகிறார்கள் என்று மட்டும் கேள். அவர் பொய் சொல்லுவார், சொல்லட்டும். நான் பக்கத்தில் இருந்தால் திருத்தமாட்டேன், இந்த ஒரு முறை மட்டும்.

அன்று டாக்டரைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தோம். எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப், நடுவில் ஓயாத சாலை. ரோட்டைக் கடக்கும்போது உன் அப்பா எப்படி நடந்துகொள்வார் என்று உனக்குத் தெரியும், நம் கையைப் பிடித்து இழுத்து, கண்ணு முன்னாடியா பின்னாடியா இருக்கு என்று நம்மைத் திட்டி, வருகிற வண்டிகளையும் திட்டி, நடுச்சாலையில் நின்று போக்குவரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டுவிடுவார். அன்று நடைபாதை ஓரத்தில் நின்றார். ஒரு பஸ் போனது, ஒரு வேன் போனது, சாலை கொஞ்சம் காலியானது, அப்போதும் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் நீட்டி, அந்த வெள்ளைக் கார் பக்கத்துல வருதா, தூரத்துலயா, பாத்துச் சொல்லும்மா என்றார். தூரத்துலதாங்க, போகலாம் என்றேன். கடந்தோம்.

நேரத்துக்குச் சாப்பிடு, கோப்பைகளைக் கழுவு, குளிருக்குக் காதை மூடிக்கொள். பரிசு அனுப்பத் தோன்றினால் முதலில் என்னைக் கேள், அடுத்தது நீர்மூழ்கியாக இருந்துவிடப் போகிறது. நாள் முழுவதும் திரையைப் பார்க்கிறவள் நீ, ஒருமுறை கண்ணைக் காட்டிவிட்டு வந்து எனக்கு எழுது, துடைத்தால் போய்விடும் என்று நீயும் சொல்லாதே, அந்த வாக்கியத்தை வீட்டில் ஒருவர் சொன்னது போதும். நீ நன்றாக இரு, உடம்பும் மனசும் தெம்பாக இரு, எங்கே இருந்தாலும் உன் பக்கத்தில் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் இருக்கட்டும்.

எப்போதும் உன்னை நினைத்துக்கொண்டு,
அம்மா